உரல் பாட்டின் காப்பு

மலாயாவில், ஜோகூரில், செடெனாக் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில், துரை பங்களாவில் நான் வேலை பார்த்த காலம் அது. பாத்திரம் துலக்க வேண்டும், துணி மடிக்க வேண்டும், நாலு மணிக்குத் தேநீர் கொண்டுபோய் வைக்க வேண்டும். பெரிய வேலை ஒன்றும் இல்லை. ஆனால் பெரட்டுக்கு, அந்தக் காலை ஆள்கணக்குக்கு, இருட்டோடு எழுந்து ஓடும் பெண்களுக்கு என்னைக் கண்டால் ஆகாது. "பங்களாக்காரி வர்றா, வழி விடுங்கடி" என்பார்கள். நானும் சும்மா இருக்கமாட்டேன். பதிலுக்கு ஒன்று வைத்துவிட்டுத்தான் நகர்வேன்.

ஒரு நாள் துரையின் தங்கை ஆப்பிரிக்காவிலிருந்து வந்து இறங்கினார். கணவரை அங்கேயே காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, வேறு போக்கிடம் இல்லாமல் அண்ணன் வீட்டுக்கு வந்தவர். துணிமணிப் பெட்டியையெல்லாம் யார் தூக்கினால் என்ன என்று விட்டுவிட்டார். ஒரு மரப்பெட்டியை மட்டும் யாரையும் தொடவிடவில்லை. ஸ்டேஷனிலிருந்து மாட்டுவண்டியில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். நகையாக இருக்கும் என்று சமையல்காரன் சொன்னான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

திறந்து பார்த்தால் நகையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. தம்ளர் உயரத்துக்கு மெழுகுக் குழல்கள், பஞ்சில் சுற்றி வரிசையாக நின்றன. கூடவே ஒரு இயந்திரம். அதற்குக் கைப்பிடி இருந்தது, புனல் இருந்தது. ஜோகூர்பாரு கடைத்தெருவில் இசைத்தட்டுப் பாடுவதை நாங்கள் கேட்டவர்கள்தான். அதனால் இதுவும் அதுபோல ஒரு பாட்டுப் பெட்டி என்று அலட்சியமாக இருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, கடைத்தெருப் பெட்டி பாட மட்டும் செய்யும். இது முதலில் கேட்கும், கேட்டதை மெழுகில் வரைந்துகொள்ளும், பிறகு அப்படியே திருப்பிச் சொல்லும். இதை நான் இன்று சொன்னால் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு அதை முதன்முதலில் பார்த்தவளுக்கு எப்படி இருந்தது என்று அவர்களுக்குத் தெரியுமா?

துரையின் தங்கையை நாங்கள் துரைசானியம்மா என்போம். அவருக்குத் தமிழ் வராது, எனக்கு இங்கிலீஷ் வராது. இரண்டு பேரும் கடைத்தெரு மலாய் பேசிக் காலம் தள்ளினோம். அவர் மலாய் என்னுடையதைவிட மோசம், ஆனால் சொல்ல வந்ததைச் சொல்லாமல் விடமாட்டார். அவர் கணவர் ஆப்பிரிக்காவில் பள்ளிக்கூடம் நடத்தியவராம். பள்ளி இல்லாத நாட்களில் இந்த இயந்திரத்தை ஆள் தலையில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக நடந்து, அந்த ஊர்ச் சனங்கள் பாடும் பாட்டையெல்லாம் பிடித்துவைப்பாராம். பாந்து என்று அந்தச் சனங்களைச் சொல்வார்களாம், அவர்களுக்குள் எத்தனையோ பேச்சு, எத்தனையோ பாட்டு. படகு தள்ளும் பாட்டு, களை எடுக்கும் பாட்டு, பிள்ளை பிறந்தால் ஒரு பாட்டு. மனுஷனுக்கு வேறு வேலை இல்லையா என்று நான் மனசுக்குள் நினைத்ததுண்டு.

தீபாவளிக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் பெண்கள் மாவு இடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு உரலுக்கு இரண்டு பேர், மாற்றி மாற்றி உலக்கை போடுவார்கள். அந்தச் சத்தம் மேட்டிலிருக்கும் பங்களாவரை கேட்டது. துரைசானியம்மா புத்தகத்தைப் போட்டுவிட்டு எழுந்தார். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கீழே இறங்கினார். வேலியோரம் நின்று உலக்கையையே பார்த்தார். பிறகு என்ன தோன்றியதோ, திரும்ப ஓடிப்போய் இயந்திரத்தையும் ஒரு குழலையும் எடுத்துவந்து, உரலுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு வைத்துச் சாவி கொடுத்தார்.

முதலில் கரகரவென்று ஓர் இரைச்சல். அதற்குள்ளிருந்து ஓர் ஆண்குரல் நிதானமாக, எந்தப் பேச்சென்று பிடிபடாமல், என்னவோ சொன்னது. தொண்டையைச் செருமியது, இன்னும் கொஞ்சம் சொன்னது. பிறகு ஊதுகுழல் ஊதினாற்போல ஒரே சுரத்தில் ஒரு ஊதல். அது நின்றதும் உலக்கைச் சத்தம் கேட்டது.

எங்கள் உலக்கை இல்லை. எங்கள் பெண்கள் எல்லோரும் உலக்கையைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டார்கள். புனலுக்குள் யாரோ இடித்தார்கள். தொம், தொம், நடுவில் பாதி மூச்சு, திரும்பத் தொம். ஒருத்தி பாட்டை எடுத்தாள், மற்றவர்கள் அதை வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் குரல் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஒட்டிக்கொண்டு வந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. எந்தக் கடலுக்கு அந்தப் பக்கமோ, முகம் தெரியாத பெண்கள், என்றைக்கோ ஒரு மத்தியானம் இடித்த இடி, எங்கள் லயத்து வாசலில் வந்து விழுந்தது. அவர்கள் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. கையில் தானியம் சிந்திவிட்டதோ என்னவோ, ஒருத்தி நடுவில் சிரித்தாள்.

லயத்தில் எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் ஒருத்தி இருந்தாள். பால்மரம் வெட்டுவதில், மரத்தைக் கீறிப் பால் இறக்குவதில், அவளை யாரும் முந்த முடியாது. கும்மிக்கு முன்பாட்டு அவள்தான். குரல் கட்டைக்குரல், ஆம்பளைக் குரல் மாதிரி இருக்கும். அவள் உலக்கையை மெதுவாகத் தூக்கினாள். புனலிலிருந்து வந்த தொம்முக்கும் தொம்முக்கும் இடையில், அந்தப் பாதி மூச்சு இருந்த இடத்தில், தன் உலக்கையைப் போட்டாள். கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. துரைசானியம்மா வாயைப் பொத்திக்கொண்டார். நாங்கள் இங்கே, அவர்கள் அங்கே, நடுவில் ஓர் உரல். இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் இயந்திரம் லயத்துக்கு வந்தது. பெண்கள் வேறு பாட்டு வைத்தாலும் கேட்பார்கள், ஆனால் கடைசியில் உரல் பாட்டு வைத்தே ஆகவேண்டும். ரப்பர்க் காட்டில் மரம் வெட்டும்போதும் பால் பிடிக்கும் மங்கைத் துடைக்கும்போதும் அதைத்தான் பாடுகிறார்கள் என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வந்து துரையிடம் குறை சொன்னான். அர்த்தம் தெரியாத பாட்டைப் பாடுகிற பைத்தியங்கள் என்றான். நான் காட்டுப் பக்கம் போகிறவள் இல்லை, அதனால் அவர்கள் பாடியதை நான் கேட்டதில்லை.

மழைக்காலம் வந்தது. எங்கள் ஜோகூர் மழை தெரியுமே, கோத்தா திங்கியில் ஆறு ஊருக்குள் வந்துவிட்டதென்று ஒரு வாரம் தபால்கூட வரவில்லை. செருப்பில் பூஞ்சை, துரையின் புத்தகத்தில் பூஞ்சை. ஒரு நாள் காலையில் துரைசானியம்மா பெட்டியைத் திறந்தார். குழல்களில் சாம்பல் பூத்தமாதிரி பூஞ்சை ஏறியிருந்தது. வைத்துப் பார்த்தால் மழை பெய்கிற சத்தம்தான் வந்தது. அடியில் எங்கோ குரல் இருந்தது.

அன்றைக்குத்தான் நான் ஒன்றைக் கவனித்தேன். ஒவ்வொரு குழலாக வைத்தார், தொடக்கத்தில் அந்த ஆண்குரல் பேசி முடிந்ததும் முள்ளைத் தூக்கிவிட்டார். பாட்டைக் கேட்கவே இல்லை. பாட்டு வேண்டாமா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்துச் சொன்னது இன்றைக்கும் நெஞ்சில் இருக்கிறது. அந்தக் குரல் அவர் கணவருடையதாம். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் இது இன்னது என்று அவர் தன் வாயால் சொல்லி வைப்பாராம். அந்த ஊதல், இயந்திரம் எத்தனை வேகத்தில் ஓட வேண்டும் என்று பிறகு கேட்கிறவர்களுக்குத் தெரிவதற்காகவாம். அவர் உயிரோடு இருக்கிற இடம் உலகத்தில் இந்தப் பெட்டி ஒன்றுதான் என்றார். சுவரில் மாட்டியிருந்த கணவர் படத்தைக் காட்டினேன். "படம் பேசாது" என்றார் மலாயில்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை. இதை லயத்தில் போய்ச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு பெண்பிள்ளை தன் புருஷன் குரலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது நாலு பேர் பேசுகிற சங்கதியா? ஆனால் என் வீட்டுக்காரரிடம் பூஞ்சையைப் பற்றி மட்டும் சொன்னேன். அவருக்குத் தோட்டத்துப் புகைக்கூடத்தில் வேலை. ரப்பர்த் தகடுகளை மாட்டிப் புகை போட்டு எடுப்பார். இதைக் கேட்டதும் இது ஒரு விஷயமா என்று சிரித்தார். தகட்டில் பூஞ்சை வந்தால் என்ன செய்கிறோம்? துடைத்துத் திரும்பப் புகையில் மாட்டுகிறோம். அப்புறம் அது எந்த மழைக்கும் அசையாது. இங்கே இருக்கிற சனங்கள் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். துரைகூட, புகை பட்டால் பூஞ்சை நிற்காது என்று தலையாட்டினார். மழை நிற்கிற வழியைக் காணோம். துரைசானியம்மா ஒரு ராத்திரி முழுக்க யோசித்துவிட்டு, காலையில் பெட்டியை அவரே புகைக்கூடத்துக்குக் கொண்டுபோய் என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார்.

அவர் கண்ணும் கருத்துமாகத்தான் செய்தார், அதில் நான் குறை சொல்லமாட்டேன். நெருப்புக்கு எட்டத்தில், கதவோரத்தில் பலகை போட்டு, சுத்தமான துணி விரித்துக் குழல்களை நிறுத்தினார். மத்தியானம் போய்ப் பார்த்தார். எல்லாம் இடுப்பு ஒடிந்து, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. ரப்பருக்கு இதமான சூடு மெழுகுக்குத் தாங்கவில்லை. அங்கே இருந்த அத்தனை பேருக்கும் ரப்பரைத் தெரிந்திருந்தது, மெழுகைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் பங்களாவுக்கு ஏறிவந்ததை நான் சமையலறை வாசலிலிருந்து பார்த்தேன். நடையிலேயே தெரிந்துவிட்டது. துரைசானியம்மா மூடியைத் திறந்தார், ஒரு குழலைக் கையில் எடுத்தார், அது விரலுக்கு ஏற்ற மாதிரி வளைந்தது. "திடாக் அப்பா," பரவாயில்லை என்று மட்டும் சொன்னார். அதற்குப் பதில் அவர் ஓங்கி ஓர் அறை விட்டிருக்கலாம். வீட்டுக்கு வந்ததும் நான் என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன். உன் புகையும் நீயும், உன் புத்தியில் தீயை வைக்க என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். மனுஷன் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அப்புறம் எனக்கு அவரைப் பார்க்கவும் பாவமாக இருந்தது.

துரைசானியம்மா அறையைவிட்டு வெளியே வருவதில்லை. நான் கொண்டுபோய் வைத்த தேநீரை ஆறியபிறகு திரும்ப எடுத்துவருவேன். அண்ணன் இரண்டு தடவை கதவைத் தட்டிவிட்டு, இயந்திரத்தைச் சாமான் அறையில் போடச் சொன்னார். இந்த அம்மாள் இப்படியே போய்விடுவார் என்றுதான் நான் பயந்தேன். புருஷன் செத்தபோதே ஒரு தடவை செத்தவர் இவர். இப்போது இரண்டாம் தடவை.

கடையில் சாமான் வாங்கும்போது அக்கா என்னை மடக்கினாள். ஞாயிற்றுக்கிழமை பெட்டி ஏன் வரவில்லை என்றாள். உருகிப்போன கதையைச் சொன்னேன், பாட்டெல்லாம் போய்விட்டது என்றேன். துரைசானியம்மா சாப்பிடுவதில்லை என்பதையும் சொன்னேன். எதனால் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அக்கா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "மெழுகுதான போச்சு? பாட்டு எங்ககிட்ட இருக்குலா. வந்து பாடிட்டுப் போறோம், அந்தம்மா மனசு ஆறட்டும்."

எனக்கு எரிச்சலாக வந்தது. அவருக்கு வேண்டியது பாட்டு இல்லையே! அதைச் சொல்லவும் முடியாது. வேண்டாம் என்றால் ஏன் என்பாள், அக்காவிடம் வாய் கொடுத்து மீள முடியாது. வந்து தொலையட்டும், கதவைத் திறக்காவிட்டால் திரும்பிப் போகட்டும் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் ரப்பர்ப் பாலை நிறுத்துக் கொடுத்து முடித்த கையோடு, வேலைச் சேலையோடே வந்துவிட்டார்கள். கையெல்லாம் பால் நாற்றம். எங்கிருந்தோ இரண்டு உலக்கையைத் தூக்கி, உரலையும் உருட்டிக்கொண்டு வந்து பங்களாவின் பின்வாசலில் நிறுத்தினார்கள். சமையல்காரன் விரட்டப் போனான், அக்கா பார்த்த பார்வையில் உள்ளே போய்விட்டான். நான் போய்க் கதவைத் தட்டினேன். அம்மா, பெண்கள் வந்திருக்கிறார்கள், கொஞ்சம் எட்டிப் பார்த்தால் போதும் என்றேன். வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. முடிகூடச் சீவாமல் வந்து பின்தாழ்வாரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கண் எங்கேயோ இருந்தது.

அக்கா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். கிழக்கே பார்த்து நின்றாள். கை கூப்பினாள். அவள் கூப்பியதும் எல்லோரும் கூப்பினார்கள். என்ன கூத்து இது, உரல் பாட்டுக்கு எதற்குக் கும்பிடு என்று நான் நினைத்து முடிக்கவில்லை.

அக்கா வாயைத் திறந்தாள். அந்தக் கட்டைக்குரலில் வந்தது பாட்டு இல்லை. பேச்சு. அந்த மனுஷன் பேசிய பேச்சு. அதே நிதானம், அதே இடத்தில் நிறுத்தம், அங்கே ஒரு செருமல், கடைசி வார்த்தையில் குரல் மெல்லக் கீழே இறங்குவது. சொல் சரியோ தப்போ எனக்குத் தெரியாது. ஆனால் அதே ஆள். ஒருத்தி உதட்டைக் குவித்து அந்த ஊதலையும் ஊதினாள். ஊதி முடித்தபிறகுதான் கையை இறக்கி உலக்கையை எடுத்தார்கள்.

துரைசானியம்மா எழுந்து நின்றிருந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது அவருக்குத் தெரியவில்லை. உலக்கை விழுவதற்கு முன்பே கையை நீட்டித் தடுத்துவிட்டார். பெண்கள் பயந்துபோனார்கள். அவர் என் பக்கம் திரும்பி, இவர்கள் எதற்காகக் கை கூப்புகிறார்கள் என்று கேட்டார். எனக்கும் அது தெரியாது. அக்காவிடம் கேட்டேன்.

அக்காவுக்கு நான் கேட்டதே ஆச்சரியமாக இருந்தது. "காப்பு சொல்லாம எந்தப் பாட்டையாவது எடுப்பமா? நாம புள்ளையாரக் கூப்புடுற மாதிரி அவங்க பூசாரி அவங்க சாமியக் கூப்புடுறாரு. சங்கு ஊதுறாங்க. அப்பறந்தான பாடுறாங்க? அத விட்டுட்டுப் பாடுனா பாட்டு விளங்குமா?"

காட்டில் தினமும் இதைச் சொல்லிக் கும்பிட்டுவிட்டுத்தான் பாடியிருக்கிறார்கள்.  ஒரு சத்தமும் தவறவிடக் கூடாதென்று, சாமி குற்றம் ஆகிவிடுமென்று, அந்தச் செருமலைக்கூட விடாமல் பாடம் பண்ணியிருக்கிறார்கள். என் ஓட்டை மலாயில் இதை அவருக்கு எப்படிச் சொன்னேனோ தெரியாது. பாட்டுக்கு முன்னால் கடவுளைக் கூப்பிடுவது எங்கள் வழக்கம், உங்கள் கணவர் சொன்னதைக் கடவுள் வார்த்தை என்று நினைத்துவிட்டார்கள் என்றேன்.

அவர் சிரித்தார். கண்ணீர் கொட்டியது, சிரிப்பும் நிற்கவில்லை. அது கடவுள் பெயர் இல்லை என்றார். அதில் முதலில் வருவது அந்த ஊர்ப் பெயராம். அடுத்தது அது மத்தியானம் என்பது, ஊரில் தானியம் குத்துகிறார்கள் என்பது. பிறகு பாடுகிற பெண்களின் பெயர்கள், ஒவ்வொன்றாக. யார் பாடினார்கள் என்று சொல்லாமல் அவர் ஒரு பாட்டையும் பிடிக்கமாட்டாராம். அவர் செருமியது அடுப்புப் புகையாலாம், தானும் பக்கத்தில்தான் நின்றதாகச் சொன்னார்.

நான் அதைத் தமிழில் சொன்னேன். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.  நாங்கள் காணாத, இனி காணவும் போகாத அந்தப் பெண்களின் பெயரைச் சொல்லித்தான் இத்தனை நாளும் இருட்டோடு மரத்தடியில் கை கூப்பியிருக்கிறார்கள். 

அக்காதான் முதலில் பேசினாள். "பாடுனவங்க பேரத்தான் கும்பிட்டோமா? அதுல ஒண்ணும் தப்பில்லலா." சொல்லிவிட்டு உலக்கையை எடுக்கப் போனாள்.

துரைசானியம்மா படியிறங்கி வந்து அவள் கையைப் பிடித்தார். பாட்டு வேண்டாம், அதை மட்டும் இன்னொரு தடவை என்றார். "சத்து காலி லாகி." மலாய் என்பதால் அது எல்லோருக்கும் புரிந்தது.

காப்பை இரண்டு தரம் சொல்லக் கூடாது. அக்கா அதில் மகா கண்டிப்பு. கும்மியில் ஒருத்தி தெரியாமல் திருப்பிச் சொல்லிவிட்டால் எல்லோர் முன்னாலும் வைது தீர்ப்பாள். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், நான் அதற்குள் குறுக்கே விழுந்தேன். மூடிவைத்திருந்ததைச் சொல்ல வேறு சமயம் ஏது?

"அக்கா, அது பூசாரி இல்ல. அது இவங்க வீட்டுக்காரர். செத்துப்போனவரு."

அக்கா என்னைப் பார்த்தாள். தன் கையைப் பிடித்திருந்த அந்த வெள்ளைக் கையைப் பார்த்தாள். மறு கையால் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். பிறகு தொண்டையைச் செருமி, அந்த மனுஷனின் குரலில், ஊர்ப் பெயரிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.